மஞ்சள் கானுக்கு அடுத்த ஆள்

எழுதிய புத்தகத்துக்கு மாலை வாங்க ஊர் ஊராகப் போகிற எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். எழுதிய புத்தகத்துக்குப் பதில் சொல்லக் கடல் தாண்டிப் போனவள் நான். போகும்போது குற்றவுணர்வோடு போனேன். திரும்பி வந்து இத்தனை நாளாகியும் அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் ஊர் தூத்துக்குடி. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக ‘அளவு நகரம்’ என்று ஒரு நாவல் எழுதினேன். எல்லாம் கெட்டுப்போன ஓர் எதிர்காலம். அந்த நகரத்தில் சோறு, தண்ணீர், வெளிச்சம் எல்லாமே அளவு. யாருக்கு எவ்வளவு என்பதை மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை சொல்லும். நடுவில் பெரிய களஞ்சியம். களஞ்சியக்காரன் தினம் வெளியே வந்து ‘தீர்ந்துவிட்டது’ என்று அறிவிப்பான். உள்ளே மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். அவன் மகள் நிலா ஒரு நாள் சாவியைத் திருடி, சதுக்கத்தில் எல்லார் முன்னாலும் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறாள். கதவு திறக்கிறது, நகரம் விடுதலை அடைகிறது. ‘பஞ்சம் பொய், பூட்டுதான் உண்மை’ என்று பின்னட்டையில் ஒரு வரி போட்டோம். அந்த வரியை எழுதிய அன்றைக்கு எனக்கே புல்லரித்தது. இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

திருகோணமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நூலகத்துக்குப் பொறுப்பாக இருக்கும் வதனி டீச்சர் எனக்கு எழுதியிருந்தார். ஏ.எல்., அதாவது நம் பிளஸ் டூ, படிக்கிற பிள்ளைகளை மாதம் ஒரு புத்தகம் வாசிக்க வைத்து விவாதம் நடத்துகிறவர். அந்த மாதம் என் புத்தகம்.

‘பிள்ளைகளிட்ட ஒரு கேள்வி கேட்டனான்,’ என்று எழுதியிருந்தார். ‘எங்கட ஊரில களஞ்சியக்காரர் ஆர் எண்டு. அமைச்சர்மாரைச் சொல்லுவினம், கம்பனிகளைச் சொல்லுவினம் எண்டு நினைச்சன். ஆரணி எண்ட பிள்ளை எழும்பி, என்ர அப்பா எண்டுட்டாள்.’

ஆரணியின் அப்பா சிவநேசன், கூட்டுறவுக் கடை ஒன்றில் மனேஜர். நாட்டில் எதுவும் கிடைக்காத அந்த நெருக்கடி வருஷத்தில் அவர் கடையில்தான் அடுப்புக்கும் படகு எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய் கொடுத்தார்கள். கடை வாசலில் ‘முடிஞ்சுது’ என்று சொல்லி வரிசையைத் திருப்பி அனுப்பிய நாட்களில், வீட்டுப் பின்னறையில் நிரம்பிய கேன்கள் இருந்ததை ஆரணி கண்ணால் கண்டிருக்கிறாள். மறுநாள் பின் வழியாக ஆட்கள் வந்து தூக்கிப்போனதையும் கண்டிருக்கிறாள். அப்போது பதின்மூன்று வயது. ஒருத்தரிடமும் சொல்லாதே என்று அப்பா சொன்னதால் வாயை மூடிக்கொண்டு இருந்தவள், என் நிலாவைப் படித்துவிட்டு வகுப்பில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. சிவநேசன் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். ஆரணி உப்புவெளியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவும் மகளும் பேசி இரண்டு மாதம் ஆகிறது.

கடிதத்தின் கடைசி இப்படி இருந்தது: ‘கேள்வி கேட்டது நான். கதை எழுதினது நீங்கள். ரெண்டு பேருமாச் சேந்துதான் பதில் சொல்ல வேணும். வர ஏலுமோ?’

முடியாது என்று எழுத என்னிடம் நாலைந்து நல்ல காரணங்கள் இருந்தன. ஒன்றையும் எழுத மனம் வரவில்லை.

கொழும்பிலிருந்து ஏறிய பஸ் கந்தளாய்க்கு முன்னால் பெல்ட் அறுந்து நின்றது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. நம் ஊராக இருந்தால் இந்நேரம் டிரைவரைச் சுற்றிக் கூட்டம் கூடி, கண்டக்டரின் பரம்பரை வரைக்கும் பேசி முடித்திருப்போம். இங்கே எல்லாரும் இறங்கி மர நிழலில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தார்கள். பக்கத்து ஸீட்டில் வந்த மூதூர்க்கார அம்மா தன் சோற்றுப் பார்சலை நடுவில் பிளந்து பாதியை எனக்குத் தள்ளினார். வேண்டாம் என்றேன்.

“எடுங்கோ. தனியச் சாப்பிட்டால் எனக்குச் செமிக்காது,” என்றார்.

கணவாய்க் கறி, பருப்பு, பொரித்த மிளகாய். கையைக் கழுவிய பிறகும் அரை மணி நேரம் விரலில் வாசம் நின்றது. எதற்கு வந்தேன் என்று கேட்டார். நெருக்கடி வருஷத்து வரிசைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். அவர் சிரித்தார். “வரிசையில நிண்டு நிண்டு ஆக்களை ஆக்கள் பழகிட்டம். என்ர மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசினதே காஸ் சிலிண்டர் வரிசையிலதான்.”

என் நாவலில் வரிசை வருகிற இடமெல்லாம் அடிதடிதான். ஒரு சம்பந்தம்கூடப் பேசி முடிக்கவில்லை. அந்த அம்மா கந்தளாய்த் தயிர்ச் சட்டி ஒன்றையும் வாங்கி என் மடியில் வைத்துவிட்டுத்தான் பிறகு இறங்கினார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான்.

வதனி டீச்சர் ஒல்லி, கண்டிப்பு, பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. வாசலிலேயே தயிர்ச் சட்டியை வாங்கிக்கொண்டு, “நீங்கள் போட்டோவில இதை விட வயசாத் தெரிஞ்சனீங்கள்,” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். எங்கள் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற பெரிய சமாச்சாரம், காய்கறியெல்லாம் போட்டு ஒரு குண்டான் தேங்காய்ப்பால் போகும். இங்கே தினமும் காலையில் தண்ணீர் மாதிரி வைத்து ஊற்றுகிறார்கள். முதல் வாயில் ஏமாந்து, மூன்றாவது இடியப்பத்தில் சரணடைந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்து துறைமுகத்தைச் சுற்றினேன். தூத்துக்குடியில் வளர்ந்தவளுக்குத் துறைமுகம் என்றால் நிலக்கரித் தூசியும் லாரி வரிசையும். இங்கே பச்சை மலைகளுக்கு நடுவில் கடல் வந்து சும்மா படுத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புள்ளிமான்கள் மாடுகளைப் போல நின்று காகிதப் பையைத் தின்கின்றன. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் பத்துப் படம் எடுத்தேன். ஆட்டோக்காரர் அந்தப் பத்துக்கும் பொறுமையாக நின்று கொடுத்தார்.

சீனன்குடாப் பக்கம் போகும்போது மரங்களுக்கு மேலே வட்ட வட்டமாய் இரும்பு முதுகுகள் தெரிந்தன. வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்க் குதங்கள், என்றார் ஆட்டோக்காரர்; டாங்கிகளை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சிலதில் எண்ணெய் உண்டாம், பலதைக் காடு மூடிவிட்டது. “இவ்வளவு பெரிய குதத்துக்குப் பக்கத்தில இருந்துகொண்டு நாங்கள் ரெண்டு லீற்றர் மண்ணெண்ணெய்க்கு மூண்டு நாள் நிண்டனாங்கள்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது பழகிப்போன செய்தி.

மத்தியானம் வதனி டீச்சர் என்னைச் சிவநேசன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் சின்ன வீடு. சாரம் உடுத்திய, நரைத்த மனிதர் வெளியே வந்து கதிரைகளைத் துடைத்துப் போட்டார். திட்டுவார் என்று தயாராக வந்திருந்தேன். “இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்,” என்று குசினிக்குள் போய்விட்டார். மனைவி இறந்து ஆறேழு வருஷம் என்று டீச்சர் காதுக்குள் சொன்னார். வீட்டில் அப்பாவும் மகளும்தான், இப்போது அப்பா மட்டும்.

தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். என் புத்தகம் உங்கள் வீட்டைப் பிரித்துவிட்டது என்றேன்.

“புத்தகம் பிரிக்கேல்ல,” என்றார். “பிள்ளை கண்டது உண்மைதானே. வாங்கோ, காட்டுறன்.”

பின்னறையில் பழைய அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேன். அங்கே கான் என்கிறார்கள். மூடி வரைக்கும் மண்ணெண்ணெய். சிவப்புப் பெயின்டால் ‘மரியநாயகம்’ என்று எழுதியிருந்தது.

அந்த வருஷத்துக் கதையை அவர் நின்றுகொண்டே சொன்னார். பவுசர், அதாவது எண்ணெய் லாரி, எப்போது வரும் என்று அவருக்கே தெரியாதாம். ஆட்கள் விடியலில் வந்து கானை வரிசையில் வைத்து, கயிறு கோத்து ஒன்றோடு ஒன்று கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒருவர் கானை மற்றவர் தள்ளியது கிடையாது. ஆனால் பவுசர் வருகிற நேரத்தில் ஆள் இல்லையென்றால் என்ன செய்வது? கடலுக்குப் போனவன் எப்படி வருவான்?

“அப்பத்தான் நான் ஒரு சொல்லுச் சொன்னனான். கான் இருந்தால் ஆள் இருக்கு எண்டு. ஆள் இல்லாட்டியும் முறை வரேக்க நிரப்பி வைச்சிடுவன். கடையில வைச்சால் உடைச்சுப்போடுவாங்கள், அதால வீட்ட கொண்டுவந்தனான். சட்டப்படி ஆள் இல்லாமல் குடுக்கக் கூடாது. எடுக்க வாற ஆக்களிட்ட, இதை வெளியில கதைக்க வேண்டாம், என்ர வேலை போயிடும் எண்டு சொல்லித்தான் குடுத்தனான். ஒரு சதம் கூட வாங்கினதில்லை.”

“இதை நீங்க மககிட்டச் சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே,” என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இரண்டு மாதமாக ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு அவமானப்படுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

அவர் மஞ்சள் கானைக் காலால் லேசாகத் தொட்டார். “மற்ற எல்லாத்தையும் ஆக்கள் வந்து எடுத்திட்டினம். இது அண்டைக்குக் கடைசியா நிரப்பினது. மரியநாயகம் வரேல்ல. அந்தக் கிழமை பெண்சாதி பிள்ளைகளோட வள்ளத்தில இந்தியாவுக்குப் போயிட்டாராம், பிறகுதான் தெரியும். இதுக்கு அடுத்ததா ஒரு ஆள் நேரில நிண்டவர், வெறுங்கானோட. அவரிட்ட நான் முடிஞ்சுது எண்டனான். அவர் ஒண்டும் கதைக்காமல் திரும்பிப் போனார். இல்லாத ஆளுக்கு எடுத்து வைச்சிட்டு, நிண்ட ஆளை அனுப்பினனான். இதைப் பிள்ளையிட்ட என்னெண்டு சொல்லுறது?”

பிறகு உள்ளே போய் என் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பென்சிலால் அங்கங்கே கோடு போட்டிருந்தார். “ஒரு கேள்வி இருக்கு, குறை நினைக்காதீங்கோ. உங்கட களஞ்சியக்காரன் ஒவ்வொரு நாளும் தீர்ந்துவிட்டது எண்டு சொல்லுறான். சொல்லிப்போட்டு வீட்ட போய் அவனால சாப்பிட ஏலுமாய் இருந்ததோ?”

முந்நூறு பக்க நாவலில் அந்த ஆள் வீட்டுக்குப் போகிற காட்சியே கிடையாது. களஞ்சியத்து வாசலிலேயே அவனை நிற்க வைத்து, அங்கேயே கெட்டவனாக்கி, அங்கேயே முடித்துவிட்டேன்.

நாளைக்கு நூலகத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “நான் வந்தால் பிள்ளைக்கு வெக்கம்.”

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டம். வெள்ளைச் சீருடையில் பதினான்கு பிள்ளைகள், வட்டமாகக் கதிரைகள். ஆரணியை யாரும் காட்டாமலே கண்டுபிடித்தேன். யன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அதே தாடை.

பிள்ளைகள் என்னைப் பாராட்டிவிட்டுத் தொடங்குவார்கள் என்று நினைத்தேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி நேராக விஷயத்துக்கு வந்தாள். “மிஸ், கதவைத் திறந்த அடுத்த நாள் ஆர் பங்கிட்டது?”

“நிலாதான்.”

“அப்ப சாவி நிலாவிட்ட. அவவும் களஞ்சியக்காரிதானே?”

“அது ரெண்டாம் பாகத்துல வரும்,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

இன்னொருத்தி என் பின்னட்டை வரியைப் பிடித்தாள். “பூட்டுத்தான் உண்மை எண்டு போட்டிருக்கிறீங்கள். சீனன்குடாவில அவ்வளவு குதம் இருக்கு, உள்ளுக்க எண்ணெய் இல்லையே. அந்த நேரம் கப்பல் வந்து கடலில நிண்டதாம், டொலர் இல்லாததால இறக்கேல்லையாம். அந்தப் பூட்டு ஆரின்ர கையில இருந்தது மிஸ்? கடைக்கார ஆளின்ர கையிலயோ?” பஞ்சம் சில நேரம் உண்மையாகவே பஞ்சம்தான், அப்போது எப்படிப் பங்கிடுவது என்பதுதான் அரசியல், என்று வேறொருத்தி சொன்னாள். நான் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன். சொல்லிக்கொடுக்க வந்தவள் என்ற நினைப்பெல்லாம் அந்தப் பக்கத்தோடு போயிற்று.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். வரமாட்டேன் என்று சொன்ன சிவநேசன் நீளக் கால்சட்டையும் சேர்ட்டும் போட்டு, மஞ்சள் கானைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

வதனி டீச்சர் எழுந்தார். “ஐயா, நீங்கள் வாங்கோ. மண்ணெண்ணெய் உள்ளுக்க வர ஏலாது, இது லைப்ரரி.”

அவர் கானை விறாந்தையில் வைத்துவிட்டு, வாசற்படியிலேயே நின்று பேசினார். என்னிடம் சொன்னதைத்தான் சொன்னார், இன்னும் சுருக்கமாக. கான் இருந்தால் ஆள் இருக்கு என்ற விதி, பின்னறை, பின் வழி, வராமல் போன மரியநாயகம், அடுத்து நின்ற ஆள். மகளைப் பார்க்கவில்லை. புத்தக அலுமாரியைப் பார்த்துப் பேசினார். ஆரணியும் யன்னலை விட்டுத் திரும்பவில்லை.

அவர் முடித்ததும் கடைசிக் கதிரையிலிருந்து முக்காடு போட்ட ஒரு பிள்ளை எழுந்தாள். நுஸ்ரா, தினம் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவள்.

“மஞ்சள் கானுக்கு அடுத்ததா நிண்டது எங்கட வாப்பா,” என்றாள்.

சிவநேசன் அலுமாரியை விட்டு அவள் பக்கம் திரும்பினார், அவள் நிறுத்தாமல் சொன்னாள்.

“அண்டைக்கு நானும் கூட வந்தனான். திரும்பிப் போகேக்க வாப்பாவிட்ட கேட்டனான், உள்ளுக்க நிரம்பின கான் இருக்குத்தானே, ஏன் சண்டை பிடிக்கேல்ல எண்டு.”

சிவநேசன் தடுமாறினார். “உங்களுக்குத் தெரியுமோ, பிள்ளை?”

“ஓம். அதுக்கு முதல் கிழமை வாப்பா கடலுக்குப் போயிருந்தவர், கான்தான் வரிசையில நிண்டது. நீங்கள் நிரப்பி வைச்சனீங்கள். உம்மாவும் நானும் உங்கட வீட்டுப் பின் வழியால வந்து எடுத்துக்கொண்டு போனனாங்கள். அதைச் சொல்லித்தான் வாப்பா என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னவர். போன கிழமை நமக்காக எவனோ ஒருத்தன் வெறுங்கையோட போயிருப்பான், இந்தக் கிழமை நாம போவம் எண்டு.”

ஆரணி இப்போது திரும்பினாள். “குசினி யன்னலால நான் கண்டது உன்னையோ?”

“என்னையாத்தான் இருக்கும்.”

“அப்ப ஏன் நீ ரெண்டு மாசமாச் சொல்லேல்ல?”

நுஸ்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “வெளியில கதைச்சால் மனேஜரின்ர வேலை போயிடும் எண்டு உம்மா என்னட்டச் சத்தியம் வாங்கினவ. உன்ர அப்பாவைக் காப்பாத்துறம் எண்டுதான் நினைச்சம்.”

ஊர் அந்த மனிதரைத் தூற்றிய இரண்டு மாதமும், அவர் வீட்டுப் பின் வழியாகக் கான் தூக்கிப்போன கடற்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கொடுத்த வாக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறார்கள். ஒருத்தர் வாக்குத் தவறியிருந்தால் போதும், அவர் தப்பித்திருப்பார். இப்படி ஒரு தப்பைச் செய்ய எப்பேர்ப்பட்ட சனமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. நேரில் நின்றவருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று பாதிப் பேர். அப்போ தொழிலுக்குப் போகாமல் வரிசையில் நிற்க வசதி உள்ளவனுக்குத்தான் எல்லாம் கிடைக்கும் என்று மீதிப் பேர். இரண்டு பக்கமும் எனக்குச் சரியாகவே பட்டது. என் நாவலில் இந்த விவாதத்துக்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை.

ஆரணி எழுந்து வாசலுக்குப் போய் அப்பாவுக்கு முன்னால் நின்றாள். “அவரிட்ட ஏன் பொய் சொன்னீங்கள்? எண்ணெய் இருக்கு, ஆனா வேற ஆளின்ரது எண்டு சொல்லியிருக்கலாம்தானே?”

“பயந்தனான், பிள்ளை,” என்றார். “அது பிழைதான்.”

அவள் விறாந்தைக்குப் போய் மஞ்சள் கானைத் தூக்கினாள். கனத்தால் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து, கொண்டுபோய் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினாள். சிவநேசன் பின்னாலேயே போய்க் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கும் அவள் சித்தி வீட்டுக்குத்தான் போனாள். ஆனால் போகும் முன் என்னிடம் வந்தாள்.

“மிஸ், உங்கட தூத்துக்குடியில இருந்து மண்டபம் தூரமோ? அங்க இருக்கிற அகதி முகாமிலதான் மரியநாயகம் அங்கிள் இருக்கிறாராம் எண்டு ஆக்கள் சொல்லுகினம். அவரிட்ட ஒருக்காக் கேக்க ஏலுமோ, இந்தக் கானை என்ன செய்யிறது எண்டு?”

நாலாம் நாள் கிளம்பினேன். வதனி டீச்சர் கருவாட்டுப் பொட்டலத்தை ஏழு காகிதத்தில் சுற்றித் தந்தார். அப்படியும் பஸ் முழுக்க மணத்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. முன் ஸீட்டுக்காரர் மட்டும் திரும்பி, பாரைக் கருவாடா என்று கேட்டார். ஓம் என்றேன். நாலு நாளில் அந்த ஓம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஊருக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். முகாமுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் விசாரித்தால் உடனே தெரிந்துவிட்டது. மரியநாயகம் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போகிறார். கைமுழுக்கச் சுண்ணாம்போடு வந்தார். நான் திருகோணமலையிலிருந்து வருகிறேன் என்றதும் உட்காராமலே நின்றார். யாரோ செத்துப்போன செய்தி என்று நினைத்துவிட்டார், பாவம். போனில் எடுத்து வைத்திருந்த மஞ்சள் கானின் படத்தைக் காட்டினேன்.

“என்ர கான்,” என்றார். “இன்னும் இருக்கோ? நிரம்பியோ?”

சொன்னேன், எல்லாவற்றையும். முதலில் சிரித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஆரணி கேட்டதைக் கேட்டேன்.

“அடுத்ததா நிண்ட ஆளிட்டக் குடுக்கச் சொல்லுங்கோ. என்னால அந்தாள் தொழிலுக்குப் போகேல்ல.” டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். “அந்தக் கான் மட்டும் அங்க இருந்தால்...” என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டுவிட்டார். நானும் தோண்டிக் கேட்கவில்லை.

அவர் சொன்னதை அன்றே ஆரணிக்கு அனுப்பினேன். அவர் சொல்லாமல் விட்டதையும் அனுப்பினேன்.

அடுத்த பதிப்பில் பின்னட்டை வரியை எடுத்துவிட்டேன். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் களஞ்சியக்காரன் வீட்டுக்குப் போகிறான். சாப்பிட உட்காருகிறான், சோறு இறங்கவில்லை, மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைச் சொல்லிக்கொடுத்தது திருகோணமலை. ஒரு பார்சலைப் பாதியாகப் பிளக்கத் தெரிந்த ஊரில் போய் நான் பங்கீட்டைப் பற்றிப் பேச நினைத்தேனே என்று இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் என்னைக் கூச்சப்பட விடவில்லை, சோறு போட்டு அனுப்பினார்கள். என் ஆயுசுக்கும் அந்த நன்றி தீராது.

நேற்று ஆரணியிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னணியில் பாத்திரம் கழுவுகிற சத்தமும் சிவநேசன் யாரையோ கூப்பிடுகிற குரலும் கேட்டன.

“மிஸ், நானும் அப்பாவும் கிண்ணியாவுக்குப் போயிட்டு வந்தனாங்கள். பாலத்தில காத்து, நான் பின்னால இருந்து கானைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு போனனான். நுஸ்ராட வாப்பா, பழைய எண்ணெய், எஞ்சின் இருமும் எண்டு சொல்லிச் சிரிச்சவர். அப்பாவைத் தேத்தண்ணி குடிக்காமல் விடேல்ல. எண்ணெயைத் தன்ர கானுக்குள்ள ஊத்திப்போட்டு, மஞ்சள் கானைத் திருப்பித் தந்தவர். அதைக் கழுவி, பேர் முன்னுக்குத் தெரியிற மாதிரி, பின்னறையில பழைய இடத்திலேயே வைச்சிருக்கிறம். மரியநாயகம் அங்கிளிட்ட மறக்காமல் சொல்லுங்கோ மிஸ். அப்பா சொன்னதுதான். கான் இருந்தால் ஆள் இருக்கு.”